தமிழ் மின்னஞ்சல் முகவரிக்காகப் போஸ்ட்ஃபிக்ஸைக் கம்பைல் செய்ய வேண்டுமா?

வாசகர் கேள்வி, 2023 ஜனவரி 21

ஐயா, தமிழ் எழுத்தில் முகவரி வைத்துக்கொள்ள போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளை மூலநிரலிலிருந்து நீங்களே கம்பைல் செய்து கட்டிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். எதற்கு இந்த வேலை? மெயின்.சிஎஃப் என்ற அதன் அமைப்புக் கோப்பில், ஆங்கிலமல்லாத எழுத்து முகவரிகளை ஏற்கும் எஸ்எம்டிபியுடிஎஃப்8 வசதியை 'ஆம்' என்று மாற்ற ஒரே ஒரு வரி போதும். நான் என் சர்வரில் அப்படித்தான் செய்தேன், வேலை செய்கிறது.

ஜனவரி 21, இரவு

உங்கள் சர்வர் புதியது, அதனால் ஒரு வரி போதுமாக இருந்தது. என்னிடம் இருப்பது சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸ். அதனுடன் வரும் போஸ்ட்ஃபிக்ஸ் 2.10. எஸ்எம்டிபியுடிஎஃப்8 நுழைந்தது 3.0 பதிப்பில், 2015 பிப்ரவரியில். அந்த வசதியை வரையறுக்கும் ஆர்எஃப்சி 6531 என்ற இணையத் தர ஆவணம் வந்ததே 2012இல்தான். நீங்கள் சொன்ன அந்த வரியை நானும் போட்டுப் பார்த்தேன். 'இப்படி ஓர் அளவுருவை யாரும் பயன்படுத்தவில்லை' என்று, அமைப்பைக் காட்டும் போஸ்ட்கான்ஃப் கருவி எச்சரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. வரியை நீக்கிவிட்டேன். (இந்த நீக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கடிக்கும்.)

சர்வர் யாருடையது என்று கேட்பீர்கள். தஞ்சாவூரில் ஒரு சிற்றிதழ். ஆசிரியருக்கு எழுபது வயது. இந்தியா என்று தமிழிலேயே முடியும் டொமைன் ஒன்றை வாங்கிவிட்டார். என்னைக் கேட்காமல் விசிட்டிங் கார்டும் அச்சடித்துவிட்டார். அதில் முகவரி 'தொடர்பு' என்று தொடங்குகிறது. 'கார்டு ஐந்நூறு அடித்தாயிற்று தம்பி, இனி சர்வர்தான் மாற வேண்டும்' என்றார். வாதிட இடமில்லை.

ஜனவரி 22, காலை

முதலில் 3.7ஐ இறக்கினேன். ஆரம்பத்திலேயே நின்றது: டிபி என்ற தரவுத்தள நூலகத்தின் ஹெடர் கோப்பு (கட்டும்போது மட்டும் தேவைப்படுவது) இல்லை, அதைத் தரும் டெவல் பொதியை நிறுவிக்கொண்டு வா என்றது. நல்ல பிழைச்செய்தி. என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்று இரண்டையும் சொல்கிறது. எல்லா மென்பொருளும் இப்படிப் பேசினால் எனக்கு முடி கொட்டியிருக்காது.

நிறுவினேன். அடுத்து மறையாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல். போஸ்ட்ஃபிக்ஸ் 3.6 முதல் குறைந்தது 1.1.1 வேண்டும். சென்ட்ஓஎஸ் 7இல் இருப்பது 1.0.2. ஆகவே 3.5 தொடருக்கு இறங்கினேன்.

தமிழ் முகவரிக்குத் தேவையான நூலகம் ஐசியு. பதிப்பு 46 அல்லது அதற்கு மேல். இங்கே 50 தொடர் இருக்கிறது, பார்த்துவிட்டேன். அந்தப் பக்கம் சிக்கல் இல்லை.

ஜனவரி 22, மதியம்

கம்பைல் ஆகிவிட்டது. காபி ஆறுவதற்குள் முடிந்தது. நிறுவியும் விட்டேன்.

ஜனவரி 22, மதியம், இருபது நிமிடம் கழித்து

அஞ்சல் எதுவும் வரவில்லை. எதுவும் போகவில்லை. 'மைசீக்வல் என்ற அகராதி வகையை ஆதரிக்கவில்லை' என்கிறது லாக், அதாவது சர்வரின் பதிவேடு.

ஜனவரி 23

நேற்று இரவு தூங்கவில்லை, ஆகவே பொறுமையாக எழுதுகிறேன். கம்பைல் செய்ய நினைக்கும் யாரும் இந்த ஒரு குறிப்பையாவது படியுங்கள்.

ஒரு புது வசதிக்காகத்தானே கம்பைல் செய்கிறோம், பழையவை அப்படியே இருக்கும் என்ற எண்ணம் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது. அது மடமை. பழைய பொதியைக் கட்டியவர்கள் மைசீக்வல், எல்டாப் (பயனர் பட்டியல் வைக்கும் இடங்கள்), பிசிஆர்இ (வடிவத் தேடல்), டிஎல்எஸ் (மறையாக்கம்), சாஸ்ல் (கடவுச்சொல் சோதனை) எல்லாவற்றுக்கும் ஃபிளாக், அதாவது 'இதையும் சேர்' என்ற குறிப்பு, கொடுத்துக் கட்டியிருந்தார்கள். நான் இறக்கிய மூலநிரலுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. எந்த ஃபிளாக்கும் கொடுக்காமல் கட்டினால் கிடைப்பது வெறும் எலும்புக்கூடு. கடவுச்சொல் கேட்கத் தெரியாது, மறையாக்கம் தெரியாது. பயனர் பட்டியல் முழுவதும் மைசீக்வலில் இருக்க, அதன் கதவைத் தட்டவும் தெரியாது.

செய்திருக்க வேண்டியது இது. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதையே கேட்க வேண்டும். போஸ்ட்கான்ஃபுக்குச் சிறிய எம் கொடுத்தால் எந்தெந்த அட்டவணை வகைகள் தெரியும் என்று சொல்லும். சிறிய ஏ கொடுத்தால் சர்வர் பக்கத்து சாஸ்ல் வகைகள், பெரிய ஏ கொடுத்தால் கிளையன்ட் பக்கத்து வகைகள். மூன்றையும் ஒரு கோப்பில் சேமித்துவிட்டுத்தான் மூலநிரலைத் தொட வேண்டும். கட்டி முடித்த பிறகு, நிறுவுவதற்கு முன்பு, புதிய போஸ்ட்கான்ஃபிடமும் அதே மூன்று கேள்விகள். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. நான் அதைச் செய்யாததால் இதழின் அஞ்சல் நான்கு மணி நேரம் நின்றது. அனுப்பியவர்களின் சர்வர்கள் வரிசையில் வைத்திருந்து திரும்ப முயன்றதால் எதுவும் தொலையவில்லை. அஞ்சல் நெறிமுறையை வகுத்த முன்னோர்களுக்கு நன்றி.

பழைய பொதியைத் திரும்ப நிறுவி மீண்டுவிட்டேன். மாற்றி மாற்றிக் கட்டும்போது நடுவில் 'மேக் டைடி' கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் பழைய ஃபிளாக்குகளின் மிச்சம் புதிய கட்டுமானத்தில் ஒட்டிக்கொள்ளும். 'மேக் இன்ஸ்டால்' வேண்டாம், 'மேக் அப்கிரேடு' போதும். அது இருக்கும் அமைப்புக் கோப்புகளைக் காப்பாற்றும்.

ஜனவரி 24

இபெல் என்ற கூடுதல் பொதிக் களஞ்சியத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 தனிப் பொதியாகக் கிடைக்கிறதே, அதை வைத்து 3.7ஐக் கட்டலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கட்டலாம். ஆனால் சென்ட்ஓஎஸ் 7இன் மைசீக்வல் கிளையன்ட் நூலகம் பழைய ஓப்பன்எஸ்எஸ்எல்லோடு பிணைந்தது. ஒரே நிரலுக்குள் இரண்டு ஓப்பன்எஸ்எஸ்எல் ஏறும். இரண்டு மாமியார் ஒரு சமையலறையில். ஓடினாலும் ஓடும், எந்த நாளில் எந்தப் பாத்திரம் விழும் என்று சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது தமிழ் முகவரி. அது 3.5இலேயே இருக்கிறது.

ஜனவரி 25

இரண்டாவது கம்பைல். மைசீக்வல், பிசிஆர்இ, டிஎல்எஸ், சாஸ்ல் எல்லாம் சேர்த்தேன். எல்டாப் விட்டேன், இங்கே யாரும் பயன்படுத்துவதில்லை. அஞ்சல் வருகிறது. பயனர்கள் உள்ளே நுழைகிறார்கள்.

ஆனால் வெளியே போகவில்லை! இந்தச் சர்வர் நேரடியாக வெளியே அனுப்புவதில்லை. இடையில் ஒரு ரிலே நிறுவனம் இருக்கிறது, அதற்குக் கடவுச்சொல் கொடுக்க வேண்டும். உள்ளே வருபவர்களைச் சோதிக்க, அஞ்சல் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட் போதும் என்று அதை மட்டும் கொடுத்திருந்தேன். டவ்காட் வகை சர்வர் பக்கத்துக்கு மட்டும்தான். நாம் வேறொரு சர்வரிடம் போய்க் கடவுச்சொல் சொல்ல வேண்டுமானால் சைரஸ் சாஸ்ல் என்ற நூலகம் வேண்டும். பெரிய ஏ கேள்வியை முந்தாநாள் உங்களுக்கு உபதேசித்தேன். நான் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் வெற்றுப் பட்டியல் வந்திருக்கும்.

சைரஸைச் சேர்த்து மறுபடி கட்டினேன். இதோடு மூன்று.

ஜனவரி 28

எல்லாம் ஓடுகிறது, வந்த காரியத்தைத் தவிர. அஞ்சலுக்கான 25ஆம் போர்ட்டில் கையால் இணைந்து ஈஹெச்எல்ஓ என்ற வணக்கக் கட்டளை கொடுத்தால் சர்வர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லும். அந்த வரிசையில் எஸ்எம்டிபியுடிஎஃப்8 இல்லை.

லாக்கைப் பார்த்தேன். பழைய இணக்கத்துக்காக அந்த வசதியை 'இல்லை' என்று வைத்திருக்கிறேன் என்று போஸ்ட்ஃபிக்ஸ் பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறது. 2.10இலிருந்து ஏறி வந்த மெயின்.சிஎஃப் கோப்பில் இணக்க நிலை என்ற வரியே கிடையாது. இல்லாவிட்டால் அது சுழியம். சுழியமாக இருந்தால் எஸ்எம்டிபியுடிஎஃப்8இன் இயல்பு மதிப்பு 'இல்லை'. ஒன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் 'ஆம்'. பழைய சர்வரை உயர்த்துபவர்களின் வீட்டை உடைக்கக் கூடாது என்ற அக்கறை. போஸ்ட்ஃபிக்ஸை எழுதிய வீட்சே வெனிமாவின் நிரலில் இந்த அக்கறை எங்கும் உண்டு. எரிச்சலோடுதான் மெச்சுகிறேன்.

கேள்வி கேட்ட வாசகரே, உங்கள் ஒரு வரி இப்போது தேவைப்படுகிறது. முதல் நாள் நான் நீக்கிய அதே வரி. சேர்த்தேன்.

ஜனவரி 28, பின்னிரவு

அந்த வரியைச் சேர்த்ததும் புது எச்சரிக்கை: வசதி கேட்கப்பட்டிருக்கிறது, ஆனால் அதற்கான ஆதரவு கம்பைல் செய்யப்படவில்லை.

மூன்று முறை கட்டியதும் இதற்காகத்தான்.

ஜனவரி 29

22ஆம் தேதி காலைக் குறிப்பில் ஐசியு பக்கம் சிக்கல் இல்லை என்று எழுதினேன். தவறு. நூலகம் இருந்தது. ஹெடர் கோப்புகள் தரும் டெவல் பொதி இல்லை. கட்டும்போது போஸ்ட்ஃபிக்ஸ் ஐசியுவைத் தேடும், சிறு சோதனை நிரல் ஒன்றைக் கம்பைல் செய்து பார்க்கும். அது தேறாவிட்டால் சத்தமே இல்லாமல் தமிழ் முகவரி வசதியை விட்டுவிட்டுக் கட்டி முடிக்கும். டிபி ஹெடர் இல்லையென்றால் கத்துகிறது, ஐசியு ஹெடர் இல்லையென்றால் வாய் திறப்பதில்லை. முன்னது இல்லாமல் சர்வரே ஓடாது, பின்னது விருப்பத்துக்குரியது. காரணம் புரிகிறது. இருந்தாலும் எனக்கு அன்று விருப்பத்துக்குரியதாக இருந்தது டிபிதான்!

முதல் நாள் அந்தப் பிழைச்செய்தியைப் புகழ்ந்தேன் அல்லவா? பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

46 என்ற எண் ஏன் என்று ஒருவர் கேட்டார். டொமைன் பெயரைத் தமிழிலிருந்து, எக்ஸ்என் என்று தொடங்கும் ஆஸ்கி (ஆங்கில எழுத்து) வடிவத்துக்கு மாற்ற ஐசியுவில் ஒரு புதிய வழி 4.6 பதிப்பில் வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் அதைத்தான் அழைக்கிறது. 46 என்பது அந்த 4.6தான். டொமைன் எங்கே இருக்கிறது என்று தேடித்தரும் டிஎன்எஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது, அதனிடம் ஆஸ்கியில்தான் கேட்க வேண்டும்.

டெவல் பொதி, மேக் டைடி, நான்காவது கம்பைல். ஈஹெச்எல்ஓவுக்கு வந்த பதிலில் கடைசிக்கு முந்தைய வரி எஸ்எம்டிபியுடிஎஃப்8. ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். 'அதுதான் கார்டிலேயே போட்டிருக்கிறதே' என்றார்.

பிப்ரவரி 4

கொண்டாட்டம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை.

தமிழ் டொமைனை, எந்த டொமைன்களுக்கு அஞ்சல் ஏற்கலாம் என்று சொல்லும் மெய்நிகர் டொமைன் பட்டியலில் தமிழில் எழுதியிருந்தேன். சில அஞ்சல்கள் வந்தன, சிலவற்றை ரிலே அனுமதி இல்லை என்று என் சர்வரே திருப்பி அனுப்பியது. சில சர்வர்கள் டொமைனைத் தமிழில் அனுப்புகின்றன, சில எக்ஸ்என் வடிவத்தில். டிஎன்எஸ்ஸில் தேடும்போது மாற்றத் தெரிந்த போஸ்ட்ஃபிக்ஸ், தன் அட்டவணைகளில் தேடும்போது மாற்றுவதில்லை. இரண்டு வடிவத்தையும் நாம்தான் எழுதி வைக்க வேண்டும். எழுதினேன், சரியாயிற்று.

உள்ளே வந்தவை அஞ்சல் பெட்டிக்குப் போகவில்லை. எஸ்எம்டிபியுடிஎஃப்8 தேவை, எதிர்முனை தரவில்லை என்று லாக். எதிர்முனை யார்? இதே இயந்திரத்தில், பக்கத்து அறையில் இருக்கும் டவ்காட். போஸ்ட்ஃபிக்ஸ் அதனிடம் எல்எம்டிபி என்ற உள்ளூர் விநியோக நெறிமுறை வழியாகக் கொடுக்கிறது. இங்கே உள்ள டவ்காட் 2.2க்கு எல்எம்டிபியில் இந்த வசதி கிடையாது. உலகம் முழுக்கச் சுற்றி வந்த கடிதம் வாசற்படியில் திரும்பிப் போகிறது.

தமிழ் முகவரியை ஆஸ்கிப் பெட்டி ஒன்றுக்கு மாற்றுப்பெயராக்கினால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். பெறுநர் முகவரி ஆஸ்கியானாலும் கடிதத்தின் தலைப்பகுதியில் பெறுநர் வரி தமிழிலேயே இருக்கிறது. அதுவும் கணக்கில் வரும். ஆகவே அதே மறுப்பு.

வழி: எல்எம்டிபியை விட்டு, பைப் வழியாக டவ்காட்டின் எல்டிஏ என்ற விநியோக நிரலிடம் நேரடியாகக் கொடுத்தேன். அங்கே நெறிமுறைப் பேச்சுவார்த்தை இல்லை, வாங்கிப் பெட்டியில் போடும், அவ்வளவுதான். வடிகட்டி விதிகளும் வழக்கம்போல ஓடுகின்றன.

மாலை 6.40க்கு முதல் கடிதம் பெட்டியில் விழுந்தது. என் ஜிமெயிலிலிருந்து நானே அனுப்பியது. ஜிமெயில் 2014இலேயே இத்தகைய முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து பெறவும் வழி செய்துவிட்டது.

பிப்ரவரி 4, திருத்தம்

மேலே மாற்றுப்பெயர் என்றேன். அதை மைசீக்வல் அட்டவணையில் போடாதீர்கள். போட்டுப் பார்த்தேன், கண்ணெதிரே வரிசை இருக்கிறது, போஸ்ட்ஃபிக்ஸுக்குக் கிடைக்கவில்லை. கிளையன்ட் நூலகம் எழுத்துகளை லத்தீன்1 என்ற ஐரோப்பிய எழுத்துக் குறியீடு என்று நினைத்துக்கொண்டு பேசுகிறது. சரிசெய்ய வழி உண்டு, எனக்குத் தெம்பு இல்லை. தமிழ் முகவரிகள் மொத்தம் மூன்று, ஹாஷ் என்ற எளிய அட்டவணைக் கோப்பில் எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 12

யம் (சென்ட்ஓஎஸ்ஸின் பொதி நிர்வாகி) அப்டேட் ஓடும்போது பழைய போஸ்ட்ஃபிக்ஸ் பொதி வந்து நம் கட்டுமானத்தின் மேல் உட்கார்ந்துவிடும். யம்.கான்ஃப் கோப்பில் போஸ்ட்ஃபிக்ஸை விலக்கி வையுங்கள். விலக்கினால் பாதுகாப்புத் திருத்தங்களும் தாமாக வராது. புதிய வெளியீடு வந்தால் நீங்களே கட்ட வேண்டும். நாய் வளர்ப்பது போல, தினமும் பார்க்க வேண்டும்.

மார்ச் 5

இது கம்பைல் விஷயம் இல்லை, ஆனால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கும்பகோணத்திலிருந்து ஒரு கவிஞர் அனுப்பும் கடிதங்கள் மட்டும் 'அப்படி ஒரு பயனர் இல்லை' என்று திரும்பின. அவர் அனுப்பிய முகவரியை லாக்கில் பார்த்தேன். தொடர்பு. கோப்பில் பார்த்தேன். தொடர்பு. அரை மணி நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். பிறகு, பைட்களை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்பில் போட்டேன். அவருடையது மூன்று பைட் அதிக நீளம்.

'தொ'வில் இருக்கும் ஒகரக் குறியை ஒருங்குறியில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக, அதன் எண் 0பிசிஏ. அல்லது ஒற்றைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டாக. திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒருங்குறி விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் பைட் பைட்டாக ஒப்பிடும் அட்டவணைக்கு இரண்டும் வேறு ஆட்கள். போஸ்ட்ஃபிக்ஸ் தேடும்போது ஐசியுவை வைத்துப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கும். தமிழுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நமக்கு வேண்டியது இந்தக் கொம்பையும் காலையும் சேர்த்து ஒன்றாக்கும் இயல்பாக்கம். அதைச் செய்வதில்லை.

கவிஞர் தட்டச்சு செய்யவில்லை. பழைய எழுத்துருவில் இருந்த ஏதோ ஓர் ஆவணத்தை ஒருங்குறிக்கு மாற்றி, அதிலிருந்து முகவரியை வெட்டி ஒட்டியிருக்கிறார். பழைய எழுத்துருக்களில் கொம்பு தனி, கால் தனி. மாற்றிய நிரல் அதைச் சேர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறது.

இரண்டு வடிவத்தையும் கோப்பில் எழுதினேன். ஆசிரியர் 'செய்தி' என்று முகவரி கேட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும்தான் இப்படிப் பிரிபவை. முகவரி வைப்பவர்கள் கவனிக்க.

மார்ச் 19

இதழுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் ஆர்வமாகச் சர்வரைச் சுத்தம் செய்தார். ஹாஷ் கோப்பில் ஒரே வரி இரண்டு முறை இருக்கிறதே என்று ஒன்றை நீக்கிவிட்டார். கவிஞரின் கடிதங்கள் மறுபடி திரும்பத் தொடங்கின.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். யார் பார்த்தாலும் அப்படித்தான் செய்வார்கள். மேலே ஒரு குறிப்பு எழுதி வைக்காதது என் தவறு. இப்போது எழுதியிருக்கிறேன்: 'இந்த இரண்டு வரிகளும் ஒன்றல்ல. நம்பாவிட்டால் எண்ணிப் பார்க்கவும்.'

ஏப்ரல் 9

தமிழ் முகவரியிலிருந்து வெளியே அனுப்புகிறீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. எதிர்முனையில் ஒரு சர்வருக்கு இந்த வசதி தெரியாவிட்டாலும் கடிதம் திரும்பிவிடும், நடுவில் மாற்றிக் கொடுக்க வழி இல்லை. நாங்கள் பயன்படுத்தும் ரிலேயிலேயே அது இல்லை. வருவது தமிழில், போவது ஆங்கில எழுத்து முகவரியில். ஆசிரியருக்கு இது தெரியும். 'பாதிக் கல்யாணம்' என்கிறார். பிறகு கார்டின் பின்பக்கத்தில் பழைய முகவரியையும் அச்சடித்துக்கொண்டார்.

2024 ஜூலை 7

மார்ச்சில் போஸ்ட்ஃபிக்ஸ் 3.9 வந்ததும் 3.5க்கான ஆதரவு நின்றது. ஜூன் 30உடன் சென்ட்ஓஎஸ் 7உம் முடிந்தது. டெபியன் 12 என்ற வேறு லினக்ஸுக்கு மாறிவிட்டேன். அங்கே பொதியாக வரும் போஸ்ட்ஃபிக்ஸ் 3.7, ஐசியுவோடு கட்டப்பட்டது. நிறுவியவுடன் ஈஹெச்எல்ஓவில் எஸ்எம்டிபியுடிஎஃப்8 நின்றது. முதல் கேள்வி கேட்ட வாசகருக்கு அந்த ஒரு வரிகூடத் தேவைப்படவில்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

மைசீக்வல் இணைப்புக்கு யுடிஎஃப்8ஐ இயல்பாக்கியது 3.9இல்தான். இது 3.7. ஆகவே ஹாஷ் கோப்பு அந்த இரண்டு வரிகளோடும் குறிப்போடும் அப்படியே இடம் மாறியது.

சர்வரை மாற்றிய இரவு கம்பைல் இல்லை, ஃபிளாக் இல்லை. நிம்மதியாகப் படுக்கப் போனேன். காலையில் ஆசிரியர் அழைத்தார், கடிதம் ஒன்றும் வரவில்லை என்று. லாக்கில், மைசீக்வல் என்ற அகராதி வகையை ஆதரிக்கவில்லை. டெபியனில் அது தனிப் பொதி. போஸ்ட்கான்ஃபுக்குச் சிறிய எம் கொடுத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும்.